அம்மா சொன்ன சாட்சி

செவ்வாய், ஜூலை 8

எனக்குக் கோர்ட்டில் விவாகரத்து ஆகிவிட்டது. நான் அடுத்துக் கட்டிக்கொள்ளப்போகும் சாம்சனின் பாஸ்டருக்கு அந்தத் தீர்ப்பே போதும், அடுத்த மாதமே எங்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பார். கத்தோலிக்கரான எங்கள் வீட்டுக்குப் போதாது. கட்டாயத்தில் நடந்ததால் பழைய கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று திருச்சபை சொல்ல வேண்டும்.

இன்று விழுப்புரத்தில் அதற்கான விசாரணை. "எம்பொண்ணு ஆசைப்பட்டுதான் கட்டிக்கினா" என்று ஊரெல்லாம் சொல்லி வந்த அம்மா, பைபிளில் கை வைத்து ஃபாதரிடம் அழுதாள்.

"இவளுக்கு இஷ்டமே இல்ல சாமி. கட்டிக்கலன்னா சோறு தண்ணி இல்லாம செத்துப்பூடுவேன்னு நான்தான் மெரட்டுனேன்."

எனக்கே கண் கலங்கிவிட்டது. திண்டிவனம் பஸ்ஸில் அவளுக்குப் பிடித்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தைரியத்தில், சாம்சன் வீட்டில் அவர்கள் சர்ச்சில்தான் கல்யாணம் வைக்கச் சொல்கிறார்கள் என்றேன்.

அம்மா கடலையை உரித்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம மாதா கோயில்லதான் நடக்கணும். இல்லன்னா சோறு தண்ணி இல்லாம செத்துப்பூடுவேன், பாத்துக்க."

இப்போது நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள். காலையில் ஃபாதருக்கு போன் செய்து, இன்றைய சாட்சியை அடுத்த கல்யாணத்துக்கும் சேர்த்தே எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.