முருகன் உறைக்குள் பிரெஞ்சுக்காரன்

மச்சான்,

இன்று ஸ்ட்ரீட்காரில் உன் புத்தகத்தைத் திறந்தேன். மடியில் திருநீறு கொட்டியது. பக்கத்தில் இருந்த கிழவர் உறையில் இருந்த முருகனைப் பார்த்து, "நல்ல பிள்ளை" என்றார். உள்ளே கதையில் ஒரு பிரபு, தன் சவப்பெட்டிக்குள் படுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்க முடியாமல் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன்.

உனக்கு இனி மருந்தில்லை என்று டொக்டர் சொன்ன பிறகும், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் "உதெல்லாம் சுகமாயிடும்" என்றுதான் சொன்னார்கள். சாவு என்ற சொல்லையே உன் அம்மா வீட்டுக்குள் விடவில்லை. உனக்கோ பயம். அதைக் கதைக்க ஆளில்லை. கல்லறையையும் பிணத்தையும் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாத, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரன் ஒருவனை எங்கேயோ தேடிப் பிடித்தாய்.

"உவன் ஒருத்தன்தான்டா நேர கதைக்கிறான்" என்றாய்.

கொலிஜ் படிப்பை விட்டுவிட்டுத் திரிந்த எனக்குப் பகல் முழுக்க நேரம். நான் ஆங்கிலத்தில் வாசிக்க நீ கேட்டாய். அட்டையில் மண்டையோடு இருந்ததால், பழைய முருகன் கலண்டரைக் கிழித்து உறை போட்டோம்.

ஒருநாள் உன் பெரியம்மா புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருநீற்றுப் பொட்டலத்தை உள்ளே செருகினார்.

"சாமிப் பாட்டோ தம்பி? ஒண்டு படியுங்கோ, கேப்பம்."

நான் பக்கத்தைப் புரட்டினேன். நீ கண்ணை மூடியபடியே, "அவன் மனசுக்குள்ளதான் படிப்பான், பெரியம்மா" என்றாய். அவர் போனதும் இருமல் வரும்வரை சிரித்தாய்.

"பிரபுவுக்குப் பெட்டி அளவாம். எனக்குக் கால் வெளியில நிக்கும், சொல்லி வை."

"நெட்டையனுக்கெண்டு சொல்லியே எடுப்பிக்கிறன், பேசாமக் கிட."

அன்றுதான் பல நாளைக்குப் பிறகு பகலில் நன்றாக நித்திரை கொண்டாய்.

செத்தவீட்டில் எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன். உள்ளேதான் இருந்தது, மச்சான். இடமும் மிச்சம்.

பிறகு உன் அம்மா புத்தகத்தை என்னிடம் தந்தார். உறையில் புது முருகன்.

"பழசு கிழிஞ்சு போச்சு. மாத்திப் போட்டனான்."

"அன்ரி, உள்ளுக்கு என்ன இருக்கெண்டு..."

"எனக்கு மண்டையோடு தெரியாதே? உதைக் கேட்டு அவன் சிரிச்சவன். அதான் விட்டனான்."

பிரபுவின் கதையையும், உனக்கு வாசிக்காமல் விட்ட கதைகளையும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரிக்குத் தமிழில் சொல்கிறேன். தேத்தண்ணி தருகிறார். பிரபுவைத் திட்டுகிறார். சாவு என்ற சொல் வரும் இடத்தில் எனக்கு வாய் தானாக நின்றுவிடுகிறது.

"ஏன் தம்பி நிப்பாட்டினீர்?" என்கிறார். "சொல்லும்."