லோஜினியோடு போன அந்தூரியம்

அனுப்புநர்:
கறுப்பையா பாலம்மா,
மேற்பிரிவு லயம்,
பன்வில.

பெறுநர்:
விவசாய உத்தியோகத்தர் அவர்கள்,
(மலர்க் கண்காட்சிக்குப் பொறுப்பானவர்),
கண்டி.

விடயம்: முதற்பரிசு பெற்ற அந்தூரியச் செடியின் பெயரைத் திருத்துவதும், அதில் ஒரு குட்டியை எனக்குப் பெற்றுத் தருவதும்.

மதிப்புக்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கியவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. கடந்த மாதக் கண்காட்சியில் நாவலப்பிட்டி ஜெயராணிக்கு முதற்பரிசு கொடுத்தீர்கள். அவர் என் மகள் லோஜினியின் மாமியார், எனக்குச் சம்பந்தி. பரிசு பெற்ற செடியின் பூமடல் சிவப்பு, ஓரத்தில் மட்டும் கிளிப்பச்சை. பலகையில் "ஜெயராணி அந்தூரியம்" என்று எழுதியிருந்தது. அது என் செடி.

2. எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் வெட்டி எறிந்த குப்பையிலிருந்து அதை எடுத்து வந்தேன். எறிந்தவர்கள் வந்து கேட்டால் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். ஜெயராணி எறிந்தவர் அல்ல. அந்தூரியத்துக்கு வெறும் மண் ஆகாது என்பது தங்களுக்குத் தெரியும். தேங்காய் மட்டையைத் துண்டுகளாக நறுக்கி, கறை போக ஊறவைத்து, அடுப்புக் கரியும் உடைந்த ஓடும் கலந்து வைத்தேன். நேர் வெயில் பட்டால் இலை தீயும், இருட்டில் வைத்தால் பூ வராது என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கூரையோரம் சீனிச் சாக்கைப் பிரித்து நிழல் கட்டினேன். லோஜினி பெரிய பிள்ளையான வருடம் முதல் பூ வந்தது. எங்கள் லயத்தில் அதற்கு லோஜினிப் பூ என்றுதான் பெயர். வாசம் இல்லாததால் நாங்கள் சாமிக்கு வைப்பதில்லை. ஆனால் வெட்டித் தண்ணீரில் வைத்தால் வாரக்கணக்கில் வாடாது. மேற்பிரிவில் அந்தப் பூ இல்லாமல் எந்தக் கல்யாண மேடையும் நின்றதில்லை.

3. லோஜினியைக் கட்டிக் கொடுத்தபோது செடி உயர்ந்து தண்டிலேயே வேர் விட்டிருந்தது. தலைப்பக்கத்தை வேரோடு வெட்டி, சட்டியில் வைத்து, சீரோடு அனுப்பினேன். சம்பந்தியம்மா வாசலில் நின்றே சொன்னார்: "அலுமாரி வரும்னு பாத்தா எலச்செடி வருது." அன்று அவர் கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை. கூட நின்று சிரித்தவர்களின் பெயர்களும் எனக்குத் தெரியும், தேவைப்பட்டால் தருகிறேன். செடியைக் கிணற்றடியில் ஒதுக்கி வைத்தார்கள். இலை துடைத்து, மட்டை மாற்றி வளர்த்தவள் என் மகள்.

4. அடிக்கட்டையை எனக்கென்று வைத்துக்கொண்டேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் கட்டை துளிர்ப்பது போல இதுவும் குட்டி விடும் என்று, மலைப் பழக்கத்தில் தேயிலைக் கழிவைச் சுற்றிலும் குவித்தேன். அந்த வருட மழையில் அழுகிப் போனது. குற்றம் மழையுடையது.

5. கண்காட்சிக்கு நானும் வந்தேன், லோஜினி சொல்லி அல்ல. பக்கத்து லயத்து சுரேஸின் போனில் அந்தப் பூவின் படத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் ஜெயராணி எல்லாரும் கேட்கும்படி, "வாங்க சம்பந்தியம்மா, ஒங்க பன்வில பக்கம் இப்பிடிப் பூ பாத்திருக்கீங்களா?" என்றார். லோஜினியும் நின்றாள். அது யாருடைய பூ என்று அவளுக்குத் தெரியும். "எல்லாம் அத்தையோட கைராசிம்மா" என்றாள். என் பேத்தி என் கையைப் பிடித்து இழுத்துப் போய், "அம்மாயி, இது எங்க அப்பாயி பூ" என்று எனக்கே காட்டினாள். ஐயா, அந்தப் பிள்ளை மீது எனக்கு முறைப்பாடு இல்லை. சொல்லிக் கொடுத்தவர் மீது இருக்கிறது.

6. ஒரு குட்டி கேட்டு வாங்கினால் என்ன என்று தாங்கள் நினைக்கலாம். மகளோடு கொடுத்ததைத் தாய்வீடு திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. கேட்டால் அந்த வீட்டில் அவளுக்குத்தான் தலைகுனிவு. இது ஜெயராணிக்கும் தெரியும். செடியைச் சுற்றிக் குட்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அக்குறணையிலிருந்து துணி விற்க வரும் ரபீகாவுக்குக்கூட ஒன்று கொடுத்திருக்கிறார். எனக்கு நீட்டவில்லை. நான் கேட்க முடியாது, அரசாங்கம் கேட்கலாம்.

ஆகவே, பரிசைப் பறிக்கும்படி நான் சொல்லவில்லை. பரிசுக் கிண்ணத்தை அவரே வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கட்டும். தங்கள் பதிவில் "லோஜினி அந்தூரியம்" என்று திருத்தவும். பரிசுச் செடியின் குட்டி ஒன்று பன்விலவிலும் வளர வேண்டும் என்று உத்தரவு எழுதி, என் பெயரைக் குறிக்கவும். நான் கேட்டதாக அதில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது.

குட்டியை யாரிடமாவது கொடுத்து பஸ்ஸில் அனுப்பினால் வேர் உடையும். வளர்த்த கையே தூக்கி வர வேண்டும் என்றும், வேர் பிடித்துப் புது இலை விரியும் வரை லோஜினி இங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவில் சேர்க்கவும். அதற்கு எத்தனை நாளாகும் என்று அந்த வீட்டில் கேட்பார்கள். அந்தூரியம் மிக மெதுவாக வளரும் செடி என்று தாங்கள் சொல்லிவிடவும்.

இடம்: பன்வில
திகதி: 2024.09.02

இப்படிக்கு,
க. பாலம்மா
(லோஜினியின் தாய்)