முழங்கால் அளவு தண்ணீர்

பாப்பா, நீ எழுந்திருக்கும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டதாம். சாப்பாடு அடுப்பில் மூடி வைத்திருக்கிறேன். சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே.

சனிக்கிழமை, மறுநாள் நீ எடுக்கிற பைபிள் வகுப்புக்காக என் பழைய கதையை எழுதிக்கொண்டிருந்த நீ, "அப்பா, லிஃப்ட் குழியில நிஜமாவே கழுத்தளவு தண்ணியா? ஒரு மணி நேரமா மாட்டிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "பைபிள் வகுப்புக்குத்தானே, கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன குறைஞ்சுபோச்சு?" என்று எரிந்து விழுந்தேன். நீ விடவில்லை. முழங்கால் அளவுதான், கால் மணி நேரம்தான், பயந்து அழுதது மட்டும் நிஜம் என்று ஒப்புக்கொண்டேன்.

நேற்று சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதை அப்படியே சொன்னாய். இருபது வருஷமாக நான் கூட்டிக் கூட்டிச் சொன்ன கதை அங்கேயே சுருங்கிப் போயிற்று. ஆனால் அப்பா பயந்துபோய் அழுதார் என்றபோது எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். இரண்டே நிமிஷத்தில் என்னை ஓரமாக வைத்துவிட்டு, கடவுள் குழியிலிருந்து தூக்கிவிடுகிற அந்தப் பைபிள் சங்கீதத்துக்குள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். வெளியே வரும்போது ஒருவர்கூட லிஃப்டைப் பற்றிப் பேசவில்லை, சங்கீதத்தைத்தான் பேசினார்கள். புதிதாக வந்த ஒருவர், "யாருங்க இந்தப் பொண்ணு?" என்றார். "என் பொண்ணுங்க" என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

குடையை மறக்காதே.

பின்குறிப்பு: அன்றைக்கு என்னைத் தூக்கிவிட்ட கூட்டாளிக்கு இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். "கால் மணியா? ஏழு நிமிஷம்கூட இருக்காதுய்யா" என்று சிரிக்கிறான். அடுத்த வகுப்பில் திருத்திவிடு. அப்பாவே சொல்லச் சொன்னார் என்று சொல்.