அப்பாவின் தலைக்குப் பூ கேட்டார்கள்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

அப்பாவின் நுரையீரல் புற்று மூளைக்குப் பரவிவிட்டது. நாளை தலைக்குக் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். பெரியப்பா என்னிடம் சொல்லாமல் அதற்கு அம்மன் உத்தரவு உண்டா என்று கோயிலில் பூ கேட்டிருக்கிறார். அம்மனின் இடப்பக்கப் பூ விழுந்ததாம், உத்தரவு இல்லையாம்.

"வரலீன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன் சாமி" என்றார் பெரியப்பா என்னிடம்.

"அந்தப் பூ ஸ்கேன் பாத்துச்சுங்களா, பெரியப்பா?" என்று கத்தினேன்.

கட்டிலில் கிடந்த அப்பா குழறலாகச் சொன்னார்: "அண்ணன் அம்மனக் கேட்டாரு, நீ டாக்டரக் கேட்ட. இது என் தலை சாமி. என்னைய ஒருத்தருங் கேக்கல."

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். வெட்கத்தோடு கேட்டேன், "நாளைக்குப் போலாமுங்களா அப்பா?"

"காலைல சொல்றேன்" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பெரியப்பா மேல் கோபம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேசி அதே நேரத்தை மறுபடி வாங்கிவிட்டேன். வண்டி எட்டு மணிக்கு வரும். அப்பாவிடம் சொல்லவில்லை.