சுகந்தியின் மலைப் பைன்

இன்று காலை குருத்து கிள்ளினேன். வைகாசியில் மலைப் பைனின் ஒவ்வொரு கொப்பு நுனியிலும் வெளிர்பச்சைக் குருத்துகள் விரல்கள் போல எழும்பி நிற்கும். பாதியில் கிள்ளிவிட்டால்தான் மரம் நெருக்கமாக, உருண்டையாக நிற்கும். கிள்ளிய இடங்களில் வடிந்த பிசின் விரல்களில் ஒட்டிக்கொண்டது. பிறகு லா ஷப்பலில் நான் வேலை செய்யும் உணவகத்துக்குப் போய், பாதி எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவியும் வாசம் போகவில்லை. கொத்துரொட்டிக்கு முட்டை உடைக்கும்போதும் அதே வாசம். அதோடு நீயும் வந்துவிட்டாய். செத்து மூன்று வருடமாகியும் வருகிறாய்.

உன்னை நினைத்து அழவேண்டியவன் நான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மார்க்ஸ் டோர்மோயில் ஒரே அறையில் நாலு பேர் படுத்த காலத்தில், அறைக்குச் சூடு தரும் கணகணப்புக்குப் பக்கத்து இடத்தை எனக்கு விட்டுத்தந்தவன் நீ. வதிவிட அனுமதிக் கார்த் எடுக்க ப்ரெஃபெக்தூர் அலுவலக வாசலில் வரிசையில் நடுங்கியபோது உன் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றினாய். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறுக்க முடிந்திருந்தால் உன்னை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு எனக்குக் கலியாணமாகி சுகந்தி வந்தாள். ஒரு இலையுதிர்காலத்தில் நீயும் நானும் மலைப்பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறை வேலைக்குப் போனோம். லீவு நாளில் மேலே ஏறினோம். பாறைகளோடு படிந்து, எங்கள் இடுப்பளவுகூட இல்லாமல் பைன் மரங்கள் நின்றன. இந்தக் கட்டை மரங்களைப் பார்க்கவா இவ்வளவு தூரம் ஏறினோம் என்று சலித்துக்கொண்டு நீ பாதி வழியிலேயே திரும்பிவிட்டாய். நான்தான் இன்னும் ஏறிப்போய், விரியாத பைன் காய்களைப் பொறுக்கி, ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். சுகந்திக்குக் காட்ட.

அவள் அவற்றைக் கணகணப்பின் மேல் பரப்பினாள். சூடு பட்டு ஒவ்வொன்றாக டிக், டிக்கென்று வெடித்து விரிந்தன. உள்ளேயிருந்து பூச்சிச் சிறகு போலச் சிறகு வைத்த சின்ன விதைகள் விழுந்தன. "இஞ்சருங்கோ, இது முளைக்குமோ?" என்று கேட்டாள். பூக்கடைக்காரியிடம் விசாரித்து, குளிரில் கிடந்தால்தான் இந்த விதைகள் கண் திறக்கும் என்று தெரிந்துகொண்டாள். விதைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அமிழ்ந்தவற்றை மட்டும் எடுத்து, ஈரமணலில் கலந்து, பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள். ஒருபக்கம் மீன், மறுபக்கம் கறிவேப்பிலை. சாப்பிட வந்த நீ அந்தப் பையைப் பார்த்துவிட்டு, உன்ரை மனுசி மண்ணையும் சமைக்கப் போறாவோ என்று கேட்டுச் சிரித்தாய்.

மாரிக் குளிர் முடியும் மட்டும் அவள் காத்திருந்தாள். பிறகு தட்டில் மணலும் சரளையும் கலந்து விதைத்தாள். விதைக்கோதைத் தொப்பி போலத் தலையில் வைத்துக்கொண்டு நாற்றுகள் எழும்பின. பாதிக்கு மேல் தண்டடி கறுத்துச் சரிந்தன. ஈரம் கூடிவிட்டதென்று சொல்லி, அதன்பிறகு மேலே ஊற்றாமல் தட்டுக்கு அடியில் மட்டும் தண்ணீர் வைத்தாள். அடுத்தடுத்த வருடங்களில் மிஞ்சியவை நீண்டு வளர்ந்தன. ஒன்று மட்டும் வளராமல், முட்களை நெருக்கமாக அடுக்கிக்கொண்டு முள்ளெலிக் குட்டி போல இருந்தது.

"இது வளரமாட்டன் எண்டு அடம்பிடிக்குது. இதைத்தான் நான் வச்சிருக்கப் போறன்" என்றாள்.

அது கையளவு ஆனபோது அவளுக்கு வருத்தம் வந்தது. எங்கள் வீட்டு யன்னலில் வெயில் விழாது. நகருக்கு வெளியே பொண்டியில் உன் வீட்டு முற்றத்தில் மரத்தைத் தொட்டியோடு வைக்கலாமா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவளே உன்னிடம் கேட்டாள். "தங்கச்சி, நீர் யோசியாதையும். என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பன்" என்றாய். பார்த்தாய்தான். அவளுடைய சவப்பெட்டியைத் தூக்கிய தோள்களில் உன்னுடையதும் ஒன்று. பிறகு ஞாயிறுகளில் நான் பொண்டிக்கு வருவேன். நீ தேத்தண்ணி கொண்டுவந்து தருவாய். இரண்டு பேரும் மரத்துக்குப் பக்கத்தில் இருந்து அதைக் குடிப்போம்.

அங்கே நடந்த செடிக் கண்காட்சிக்கு மரத்தைக் கொண்டுபோகப் போவதாக நீ சொன்னபோது சந்தோசப்பட்டேன். வேலைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தேன். பரிசு கிடைத்தது. நீ மைக்கைப் பிடித்து, மலையுச்சிக்கு ஏறிக் காய் பொறுக்கினதையும், விதையைக் குளிரில் வைத்து முளைக்கவிட்டதையும் நல்ல பிரெஞ்சில் சொன்னாய். எல்லாம் "நான், நான்" என்று. எனக்கு முன்வரிசைக் கதிரை போட்டிருந்தாய். நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து, இந்த மரத்தின் விதைகள் எல்லாமே இப்படிக் குள்ளமாக வராது, கொப்பு வெட்டி ஒட்டுப்போட வேண்டும் என்றார். அந்த ஒட்டுக் கன்றுகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். நீ உன் பெயரைச் சொன்னாய்.

கார் தரிப்பிடத்தில் உன்னை மறித்துக் கேட்டேன். நீ கோபப்படவில்லை. என் தோளில் கைபோட்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாய்.

"சனத்துக்கு ஒரு கதை வேணுமடா. அவ செத்துப்போனா. அவவுக்கு இனிப் பேர் எதுக்கு?"

உன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். பஸ் ஏறி வந்துவிட்டேன். அதன்பிறகு உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. லா ஷப்பலில் நீ எதிரே வந்தால் மற்றப் பக்கம் கடப்பேன். ஆனால் மனதுக்குள் அந்த மேடையில் நிற்காத நாளில்லை. வெங்காயம் வெட்டும்போதும் மெத்ரோவில் போகும்போதும் பிரெஞ்சு வசனங்களைச் சரிபார்த்தேன். நீ முன்வரிசையில் இருக்கவேண்டும், உன் முகம் கறுப்பதை நான் பார்க்கவேண்டும். எனக்கு அது போதும்.

நீ வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனாய். உன் இறுதிப் பூசையன்று கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் பேச்சிழந்துவிட்டேன் என்று நினைத்து ஆட்கள் என் கையைப் பிடித்தார்கள். தப்பிவிட்டாயே என்ற ஆத்திரத்தில் எனக்குப் பல் நெறுநெறுத்தது.

அடுத்த மாரிக் கடைசியில் உன் மனைவி கூப்பிட்டாள். வீட்டை விற்றாயிற்று, வாங்குகிறவர்கள் முற்றத்தைக் கார் விடுவதற்குச் சீமெந்தால் மூடப்போகிறார்கள் என்றாள். "அண்ணை, அவரின்ரை மரத்தை நீங்களே கொண்டுபோங்கோ. அவரின்ரை நினைவா இருக்கட்டும்."

மண்வெட்டியோடு போனேன். வாசல்படியில் நின்றே, அது அவருடைய மரமில்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படியில் குந்திவிட்டாள். ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொல்லவேண்டிய ஆள் நீங்களில்லை" என்றேன்.

கண்காட்சிக்குப் பிறகு நீ தொட்டியிலிருந்து எடுத்து நிலத்தில் நட்டிருந்த மரத்தின் வேரைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, மண் உதிராமல் சாக்கால் கட்டி, முதலாளியின் வான் வண்டியில் ஏற்றினேன். ரயில் பாதையோரத்துக் கூட்டுத் தோட்டத்தில் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கே அரைப் பீப்பாயில் நட்டேன். அந்தக் கோடை முழுக்க முட்கள் பழுத்துக் கொட்டின. பிடுங்கியது நான், சாகப்போவது அவளுடைய மரம் என்று உள்ளுக்குள் வெந்தேன். மறுவருடம் குருத்து வந்தது.

போன மாதம் அதே கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். மைக் பிடித்த பெண்ணுக்கு மரம் ஞாபகமிருந்தது. உன் பெயரைச் சொன்னாள். நான் மைக்கை வாங்கினேன். இத்தனை வருடம் சரிபார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. என் சமையலறைப் பிரெஞ்சில், விதை என் மனைவி முளைக்கவைத்தது, அவள் பெயர் சுகந்தி, அந்த ஆள் பொய் சொன்னார் என்றேன். அன்று உனக்குக் கைதட்டிய சிலர் குனிந்து நிகழ்ச்சித் தாளைப் புரட்டினார்கள். செத்தவரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று பின்னால் ஒருவர் தமிழில் முணுமுணுத்தார். என் மனைவியும் செத்தவள்தான் என்று திரும்பிச் சொன்னேன். நாற்றுப் பண்ணைக்காரர் என்னிடம் வந்து, இனி ஒட்டும் கன்றுகளில் சுகந்தி என்றே எழுதுவேன் என்றார்.

முன்வரிசைக் கதிரைகளைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஆட்கள் இருந்தார்கள்.

நேற்று உன் மனைவி தோட்டத்துக்கு வந்திருந்தாள். மரத்தைச் சுற்றி நடந்தாள். பீப்பாயில் நான் மாட்டியிருந்த பெயர்ப் பலகையை வாசித்தாள். சுகந்தியின் பெயர் இருப்பதுதான் சரி என்றாள். நல்ல மனுசி. போகும்போது மேசையிலிருந்த தட்டைப் பார்த்தாள். இந்த மரத்தின் காயிலிருந்து இந்த வருடம் முளைத்தவை, கோது கழலாத தலைகளோடு நெருக்கமாக நின்றன.

"ஒண்டு தாங்கோ அண்ணை. அவரின்ரை கல்லறையிலை வைப்பம். பேர் ஒண்டும் எழுதத் தேவையில்லை."

கொடுத்திருக்கலாம். பாதி எப்படியும் குள்ளமாக வராமல் நெடுத்துத்தான் வளரும், அதில் ஒன்றென்று நினைத்துத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். அவள் கண் கலங்கி நின்றாள். எனக்குச் சால்வையும் ஞாபகம் வந்தது, கார் தரிப்பிடமும் ஞாபகம் வந்தது.

இல்லை என்றேன். ரோசா வாங்கி வையுங்கோ, கல்லறைக்கு அது வடிவாயிருக்கும் என்றேன்.

அவள் போனபிறகு நாற்றுகளுக்கு அடியில் தண்ணீர் வைத்தேன். உணவகத்துக்குச் சாப்பிட வருகிறவர்கள், தோட்டத்துக்கு வருகிற பிரெஞ்சுக் கிழவிகள், முன்வீட்டுப் பிள்ளைகள், கேட்கிற எல்லாருக்கும் கொடுக்கத்தான் வளர்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் சுகந்தி என்று சொல்லித்தான் கொடுப்பேன். உனக்கு ஒன்றும் இல்லை.