ஊர் நடுவில் ஒரு ஃப்ளெக்ஸ்

2012 ஜூன் 5, செவ்வாய்

கத்திரி முடிந்துவிட்டதாம், கேலண்டரில் போட்டிருக்கிறது. வெயிலிடம் யாரும் சொல்லவில்லை போல. காலை ஷிப்டு. கம்பெனி கேண்டீன் முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவியதில் முட்டிவலி.

இரண்டு மணிக்கு இறங்கி நேரே படப்பை, ஃப்ளெக்ஸ் கடை. வரும் 20ஆம் தேதியோடு என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்.

இன்றைக்கு மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். கம்பெனி கேட்டில் ஒருத்தி, ரேஷன் கடையில் ஒருவர், பஸ்ஸில் ஒருவர். "ஏழுமலை அண்ணன் ஆட்டோவையே காணோமே, ரூட்டு மாத்திக்கினாரா?" படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் அவருடைய ஷேர் ஆட்டோவில் ஏறாத ஆள் கிடையாது. வீடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போனார், மறுநாள் காலையில் எடுத்துவிட்டோம். தெரு ஆட்களும் ஸ்டாண்டு ஆட்களும் வந்தார்கள். மீதிப் பேர் ஒரு வருஷமாக என்னைக் கேட்கிறார்கள். "தவறிட்டாருங்க" என்றால் அவர்கள் ஐயோ என்கிறார்கள். அப்புறம் நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டும்.

இனி முடியாது. ஊர் நடுவில் பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸ். எல்லோரும் ஒரே தடவையாகப் பார்த்துக்கொள்ளட்டும். என்னை யாரும் கேட்கக் கூடாது.

கடைக்காரர் கேட்டார். "எங்கம்மா வெக்கப் போற? எடத்துக்குத் தக்கதான் சைசு."

"ஊர் நடுவுல."

"எந்த ஊரு நடுவுல?"

"இந்த ஊருதாங்க."

"இது எந்த ஊரும்மா? படப்பையா, ஒரகடமா, ஸ்ரீபெரும்புதூரா? எல்லாம் ஒட்டிக்கினு கீது. நடு எதுன்னு முடிவு பண்ணிக்கினு வா."

திரும்பி வந்துவிட்டேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். நடு எது என்று யோசித்ததே இல்லை.

வாங்க: துவரம்பருப்பு, ஊதுபத்தி, செருப்பு (வலது மட்டும்தான் அறுந்தது. ஒற்றையாகத் தர மாட்டான்).

ஜூன் 7, வியாழன்

புழுக்கம். கரண்ட் இல்லை. எல்லோரும் வாசலில். அதனால் சண்டை.

கொழுந்தன் தேவராஜ் (இனி தே. போதும், பேனாவில் மை குறைவு) ஸ்ரீபெரும்புதூர்தான் நடு என்கிறான். "தாலுகா ஆபீஸ் அங்க, கோயில் அங்க, கோர்ட்டு அங்க. இன்னா அண்ணி, ஒரு பட்டா வாங்கணும்னா கூட அங்கதான போற?"

அவர் பட்டா வாங்கப் போனதே இல்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் வெளியூர். சாமி பார்க்க வந்தவர்கள் இவரை ஏன் பார்க்க வேண்டும்?

மகள் கவிதா (இவள் க.): "படப்பை தாம்மா. பேங்க்கு, பேக்கரி, நகைக்கடை, எல்லாம் அங்க. சித்தப்பா சொல்ற எடத்துல நல்ல பப்ஸ் கூடக் கெடையாது."

மாடி ரூமில் இருக்கிற மதுரைக்காரத் தம்பிகள் நான்கு பேரையும் கேட்டேன். கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடம்தான் நடு என்றார்கள். நான்கு பேருக்கும் நான்கு கம்பெனி. நான்கு நடு.

அப்படியானால் நான்கு ஃப்ளெக்ஸ் அடித்துவிடலாம் என்று க. சொன்னாள். வேண்டாம் என்றேன். அவர் உயிரோடு இருந்தபோதுதான் ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இப்போதாவது ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கரண்ட் வந்தது. சண்டை நின்றது.

ஜூன் 10, ஞாயிறு

மனை பார்க்க இலவச வேன். மதியச் சாப்பாடும் உண்டு. போனேன். மனை வாங்க இல்லை. நோட்டீசில் 'நகரின் மையத்தில் மனைகள்' என்று போட்டிருந்தது. மையம் என்றால் நடுதானே.

வேன் போனது, போனது. தார் ரோடு முடிந்தது. பிறகு மண் ரோடு. பிறகு முள்ளுச்செடி. கல் நட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இரண்டு மாடு. ஒரு வளைவு, அதற்கு மட்டும் நல்ல செலவு. உள்ளே 'மையப் பூங்கா' என்று பலகை. பூங்கா வரவில்லை, பலகை வந்துவிட்டது.

புரோக்கர் டை கட்டியிருந்தார். கேட்டேன். "சார், நடு எது?"

"இதாம்மா. நீங்க நிக்கிற எடமே சென்டர்."

"யாரையும் காணோமே."

"இன்னும் அஞ்சு வருஷத்துல பாருங்க, கால் வெக்க எடம் இருக்காது."

"ஃப்ளெக்ஸு அஞ்சு வருஷம் வெயில்ல தாங்குமா சார்?"

அவருக்குப் புரியவில்லை. விசாலமான மனை வேண்டுமா என்றார். பிரிஞ்சி நன்றாக இருந்தது. தயிர்ப்பச்சடி தண்ணீர்.

வேனில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா: "நீங்க ஏழுமலை வூட்டுக்காரம்மா தான? எங்க அவரு, வரலியா?"

திரும்புகிற வழி முழுக்க அந்த அம்மாவைத் தேற்றினேன்.

ஜூன் 12, செவ்வாய்

மேகம். மழை இல்லை. வேலை முடிந்து ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றேன். யார் நிற்கிறார்கள் பார்ப்போம் என்று. நாலு ரோடும் சேர்கிறது, அதனால் இதுதான் நடு என்று எனக்கு ஒரு எண்ணம்.

நின்றவர்கள்:
ஒரு நாய்.
ஒரு லாரிக்காரர். எதற்கு நின்றார் என்று எழுத முடியாது.
வடநாட்டுக்காரர்கள் இரண்டு பேர். இந்தியில் வழி கேட்டார்கள். தமிழில் சொன்னேன். சரியான பக்கம்தான் போனார்கள்.

மற்ற ஜனம் எல்லாம் வண்டிக்குள். கார் ஏற்றிய பெரிய லாரிகளில் கார்கள் கூடப் போகின்றன, அவையும் நிற்கவில்லை. ஊர் நடு என்றால் ஜனம் நிற்க வேண்டாமா.

அப்புறம் மூலையில் பார்த்தேன். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. ஆட்டோ நிறைகிற வரை எடுக்க மாட்டார்கள். பத்து நிமிஷம், கால் மணி நேரம். அதுவரை உட்கார்ந்திருப்பவர்கள் எதையாவது பார்த்தாக வேண்டும். எதிரே டீக்கடைச் சுவர்தான் இருக்கிறது.

டிரைவர் குமாரிடம் சொன்னேன். "கரெக்ட்டு அண்ணி," என்றான். "தல இங்கதான் இருக்கணும். நின்ன எடம்னா இது ஒண்ணுதான்."

முடிந்தது. டீக்கடைச் சுவர். தே. முகத்தைத் தூக்கிக்கொண்டான். ஃப்ளெக்ஸ் அடிக்கிற பொறுப்பை அவனுக்குக் கொடுத்ததும் இறக்கினான்.

ஜூன் 16, சனி

கட்டிவிட்டார்கள். ஷிப்டு முடிந்து போய்ப் பார்த்தேன்.

மேலே 'முதலாம் ஆண்டு கண்ணீர் அஞ்சலி'. அதன் கீழே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கைகூப்பி ஆள் உயரத்துக்கு நிற்கிறான் தே. என் வீட்டுக்காரர் மூலையில், மேகத்துக்குள், தட்டு அளவுக்கு ஒரு வட்டத்தில்.

"இன்னா தேவராஜு, செத்தது யாரு?"

"அண்ணனோடது ரேஷன் கார்டு போட்டோ அண்ணி. பெருசு பண்ணா ஒடைஞ்சிடும்னு கடைக்காரன் சொன்னான். எடம் காலியா கீதேன்னு என்னப் போட்டான்."

"காலியாவே இருந்திருக்கலாமே."

"கிட்ட நின்னு பாக்காத. ரோட்டுக்கு அந்தாண்ட போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். அங்கிருந்து அவன் மட்டும்தான் தெரிகிறான்.

ஜூன் 17, ஞாயிறு

தே. செத்துவிட்டான்.

காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் ஒப்பாரி. அவன் மாமியார். ஸ்ரீபெ. இலிருந்து ஷேர் ஆட்டோவில், தலையை விரித்துப்போட்டு, "என் ராசா, என் மவள இப்படி உட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரடித்துக்கொண்டு வருகிறாள். தே. குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரையோடு நிமிர்ந்தான். கிழவி அலறின அலறலில் மாடித் தம்பிகள் நான்கு பேரும் லுங்கியோடு இறங்கி வந்தார்கள். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் அவனை நன்றாக அடித்தாள்.

அதற்குள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தே. கூடப் படித்தவர் ஒருவர், பெரிய ரோஜா மாலையோடு. அவர் கோபமாக வந்தார். "முதலாம் ஆண்டுன்னு போட்டு கீது. ஒரு வருஷமா எனக்கு ஒருத்தரும் சொல்லலியே. அவ்ளோ வேண்டாதவனா பூட்டேனா நானு?" தே. டீ கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கிக் குடித்தார். பாதி குடித்தபிறகுதான் யார் கொடுத்தது என்று பார்த்தார்.

மாலையை என்ன செய்வது? என் வீட்டுக்காரர் படத்துக்குப் போட்டேன். படத்தைவிட மாலை பெரிது.

தே. செக்யூரிட்டி வேலை. சூப்பர்வைசர் போன் செய்து க. விடம் ஆறுதல் சொன்னாராம். நாளை ஷிப்டுக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்றும் சொன்னாராம்.

சாயங்காலத்துக்குள் செய்தி போன இடம்: ஸ்ரீபெ., படப்பை, இருங்காட்டுக்கோட்டை, தாம்பரத்தில் அவன் பெண்டாட்டியின் அத்தை வீடு. சாயங்காலத்துக்குள்ளே. தாலுகா ஆபீசில் தண்டோரா போட்டால்கூட இவ்வளவு தூரம் போகாது.

நடு எது என்று இப்போது தெரிந்துவிட்டது. பத்து நிமிஷம் சும்மா உட்காருகிற இடம்தான் நடு. க. விடம் சொன்னேன். "அங்க பேக்கரி இல்லையே" என்றாள்.

ஜூன் 18, திங்கள்

ஷிப்டு போனதால் தே. காலையிலிருந்து டீக்கடை வாசலில், தன் படத்துக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு ஆட்டோவாகப் போய்ச் சொல்கிறானாம். குமார் நடித்துக் காட்டினான். "நான் சாவலங்க. எங்க அண்ணன். ஷேர் ஆட்டோ ஏழுமலை. போன வருஷம்." அடுத்த ஆட்டோ. "நான் சாவலங்க. எங்க அண்ணன்."

நான் ஒரு வருஷத்தில் சொன்னதை அவன் ஒரே நாளில் சொல்லிவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தான். குரல் போய்விட்டது. ரசம் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அண்ணி, ஒவ்வொரு தபா சொல்ல சொல்லவும் இப்பதான் செத்த மாதிரி கீது. நீ எப்படி ஒரு வருஷமா?"

அன்றைக்கு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரிப் பேப்பர், ஐஸ் பெட்டி என்று ஓடினவன் அவன். அழ நேரம் இல்லை அவனுக்கு. இன்றைக்கு அழுதான். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரசம் ஆறிவிட்டது.

ஜூன் 20, புதன்

லேசான தூறல். படையல். வடை, வஞ்சிரம் குழம்பு, பன் பட்டர் ஜாம் (அவருக்கு உயிர்). காக்கா பன்னை மட்டும் எடுத்தது. மாமியார்க் கிழவி மறுபடி வந்தாள், இந்த முறை சரியான ஆளுக்கு அழுதாள்.

ஜூன் 22, வெள்ளி

ஃப்ளெக்ஸை நேற்றே இறக்கியாயிற்று. தே. அதைக் குளிக்கிற மறைப்புக்கு மேலே கூரையாகப் போட்டுவிட்டான். அவன் படம் உள்பக்கம். குளிக்கும்போது மேலிருந்து கைகூப்புகிறான். க. குளிக்க மாட்டேன் என்கிறாள். திருப்பிப் போடச் சொன்னேன்.

இந்த வாரம் யாரும் கேட்கவில்லை. கேட்டில் கேட்கவில்லை, பஸ்ஸில் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள், தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ரேஷன் கடையில் முன்னால் விட்டார்கள். நான் கேட்டது இதுதான். கிடைத்துவிட்டது.

வேலை இல்லாமலே ஸ்டாண்டு பக்கம் போனேன். ஒருவரும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவரைப் பற்றி நான் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை, ஃப்ளெக்ஸ் கேட்டபோது.

கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். முட்டிக்குத் தைலம்.

ஜூன் 26, செவ்வாய்

இரண்டாவது ஷிப்டு. காற்று, புழுதி. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பெண், கையில் குழந்தை. திருநெல்வேலி இசக்கி. முன்னே எங்கள் கம்பெனி லைனில் வேலை பார்த்தவள், பேறுகாலத்துக்கு ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலையில்தான் வந்திருக்கிறாள். தாம்பரத்திலிருந்து நேரே.

"யக்கா, அண்ணாச்சி எங்க? ஆட்டோவையே காங்கலயே. பிள்ளையக் காட்டணும்லா. மசக்கையில வாந்தி எடுக்கும்போதெல்லாம் எனக்குன்னு மெதுவா ஓட்டுவாவ."

பழைய மாதிரி "தவறிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"உக்காரு இசக்கி," என்றேன்.

நிழற்குடையில் உட்கார்ந்தோம். குழந்தையை வாங்கிக்கொண்டேன். கனம். சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். நெஞ்சு வலி வந்ததும் ஆட்டோவை ஓரம் கட்டினார். உள்ளே ஏழு பேர். ஏழு பேரையும் இறக்கி, குமார் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் மண்ணில் உட்கார்ந்தார். ஏழு பேருக்கும் தெரியாது. ஆட்டோ ரிப்பேர் என்றுதான் நினைத்தார்கள்.

கம்பெனி பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். போங்க என்று கையைக் காட்டினேன். புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

இசக்கி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொறவு?" என்றாள்.