இழுக்காத வடத்துக்கு அரைக் குலை

ஆகஸ்ட் 17, 2025, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இங்கே மலையாளக் கணக்கில் சிங்ஙம் ஒன்று. மாவு வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் ஈரத்தலையும் சந்தனக் கீற்றுமாக வந்தார்கள். நான் மட்டும் கிரைண்டரும் கையுமாக, நெற்றியில் உளுந்து மாவோடு நின்றேன்.

மத்தியானம் ஹரிஷங்கர் வந்தார். உதயம் கிளப்பின் செயலாளர். திருவோணத்துக்கு மறுநாள் பள்ளி மைதானத்தில் வடம்வலி, அதாவது கயிறிழுக்கும் போட்டி, பெண்கள் பிரிவுக்கு உங்கள் தெருவிலிருந்து குழு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். இந்த வருஷமாவது இழுக்க விடுவீர்களா என்றும் கேட்டேன். சிரித்துக்கொண்டே சாயாவைக் குடித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 18

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே கிடந்து புளிக்கும்.

போன வருஷம் நாங்கள் ஏழு பேரும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கே மைதானத்தில் நின்றோம். எங்களுக்கு எதிராகத் தோப்பும்படியிலிருந்து ஜெசிந்தாவின் குழு, ஹார்பரில் மீன்கூடை தூக்குகிற பெண்கள். முதலில் பிரார்த்தனைப் பாட்டு. பிறகு வரவேற்பு, தலைமை உரை, விளக்கேற்றம், தொடக்க உரை. அதன்பின் ஆசம்சை, அதாவது வாழ்த்துரை. ஒன்றா இரண்டா? மேடையில் நாற்காலி போட்ட அத்தனை பேரும் வாழ்த்தினார்கள். அப்புறம் ஆண்கள் வடம்வலி. பெண்கள் முறை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மைதானத்தில் விளக்குக் கிடையாது, மேடையில் கானமேளாவுக்கு, பாட்டுக் கச்சேரிக்கு, ஆள் வந்தாயிற்று. "சமயமில்லா சேச்சி", நேரமில்லை அக்கா என்று சொல்லி, பரிசாக வைத்திருந்த நேந்திர வாழைக் குலையை நடுவில் வெட்டி இரண்டு குழுவுக்கும் பாதிப் பாதி கொடுத்தார்கள். கூட்டு வெற்றியாம்.

இழுக்காத வடத்துக்கு அரைக் குலை. அந்தப் பழத்தை நான் ஒன்றுகூடத் தின்னவில்லை. இரண்டு வருஷமாக இதே கதைதான்.

ஒரு விளையாட்டுக்கு முன்னால் இவ்வளவு எதற்கு? ஆட்டம் பார்க்க வந்தவனை உட்கார வைத்து, ஆட்டம் எவ்வளவு நல்லது என்று ஆள்மாற்றி ஆள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ஆடிவிட்டால் அவனுக்கே தெரிந்துவிடாதா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பயிற்சி தொடங்கியாயிற்று. ஜுமைலா வீட்டுப் பின்னால் தென்னையில் வடத்தைக் கட்டி இழுத்தோம். கடைசி ஆள் ஜுமைலா. இடுப்பைச் சுற்றி வடத்தைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால் லாரி வந்தாலும் அசையமாட்டாள். ஆனால் ஏழு பேரும் ஏழு நேரத்தில் இழுக்கிறோம். நான் ஒன்று, இரண்டு என்று கத்தினால் மகா ஒன்றிலேயே இழுத்துவிடுகிறாள். பாக்கியலக்ஷ்மி மூன்றுக்குக் காத்திருக்கிறாள்.

தென்னை எங்களைப் பார்த்துச் சிரித்தபடி நின்றது.

ஆகஸ்ட் 26, அத்தம்

ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாள். வாசல்களில் பூக்களம், பூவால் போடும் கோலம், வந்துவிட்டது. எங்கள் வாசலில் மாவு வாளி.

ஆகஸ்ட் 27

என் வீட்டுக்காரருக்கு மேடையில் நாற்காலி!

ஹரிஷங்கர் இவரைக் கூப்பிட்டு, தமிழ்ச் சங்கத்தின் சார்பில் நீங்களும் ஆசம்சை சொல்லணும் என்றாராம். சங்கம் என்றால் இவர்தான் செயலாளர், இவர்தான் பொருளாளர், பேனரைச் சுருட்டி எங்கள் கட்டிலுக்கு அடியில் வைப்பவரும் இவர்தான். அழைப்பு வந்ததிலிருந்து மனுஷன் தரையில் நடக்கவில்லை. நாளைக்கு எறணாகுளம் போய்ப் பொன்னாடை வாங்கப்போகிறாராம். மேடையில் இருக்கிற எல்லோருக்கும் போர்த்த வேண்டுமாம், பெயர் வாசித்து, ஒவ்வொருவராக.

ஊரார் தின்றது போதாது என்று என் பொழுதை என் புருஷனே தின்னப் போகிறார்.

ஆகஸ்ட் 28

சண்டை. பெரிய சண்டை.

நான் சொன்னேன், நீங்க ஒவ்வொருத்தருக்கா போர்த்தி முடிக்கதுக்குள்ள இருட்டிரும், இந்த வருஷமும் பாதிக் குலையத் தூக்கிட்டு வரணும், அதுக்கு நான் வீட்லயே கிடக்கேன். வாங்கி வந்த பொன்னாடைப் பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"செல்வி, இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷமாச்சு. இதுவரைக்கும் எந்த மேடைக்காவது நம்மள ஏறச் சொல்லிருக்கானா? பந்தல் போட ஏறிருக்கேன், பிரிக்க ஏறிருக்கேன்."

அவர் கேட்பதும் நியாயம்தான். நான் கேட்பதும் நியாயம்தான். இரண்டு நியாயமும் ஒரே சாயங்காலத்துக்குள் அடங்க வேண்டும் என்றால் எப்படி?

சோறு மட்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது.

இழுத்து இழுத்துச் சலித்துப்போய், பாக்கியலக்ஷ்மி விளையாட்டாக வடத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், எங்கள் சங்கரன்கோவிலில் தேர் வடத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்வது போல. அப்படியே நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். என்ன ஆயிற்றோ தெரியவில்லை, நாங்களும் சேர்ந்துகொண்டோம். மூச்சு முடிகிற இடத்தில் ஏழு பேர் கையும் தானாக இழுத்தது. ஒரே இழுப்பு. தென்னையிலிருந்து ஒரு மட்டை பொத்தென்று விழுந்தது.

யாரும் எண்ணவில்லை, யாரும் கத்தவில்லை. குலவை விட்டால் தேர் நகர வேண்டும், அவ்வளவுதான். அது உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் இதுதான் என்றாள் ஜுமைலா. மலையாளத்துக்காரர்களுக்கும் உண்டு, குரவை என்பார்கள். யாருக்கு இல்லை?

ஆனால் போட்டியன்றைக்கும் குலவை விடுவோம் என்றதும் பாக்கியலக்ஷ்மி முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாம்க்கா. பாண்டிச்சிங்க ஊளையிடுதுன்னு சொல்லுவாங்க." தமிழ்க்காரிகளுக்கு இங்கே சிலர் வைத்த பேர் பாண்டிச்சி; யாரோ எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். என் பேரே பாண்டிச்செல்வி, சொல்கிறவன் என்னிடம் வந்து சொல்லட்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் எடுத்துக் கொடுக்காமல் எங்களுக்குக் குலவை சேராது.

செப்டம்பர் 3

நிகழ்ச்சி நோட்டீஸ் வந்துவிட்டது. ஆசம்சை ஒன்பது பேர். கடைசிப் பெயர் செல்லப்பா, என் வீட்டுக்காரர். பெண்கள் வடம்வலி அதற்கும் கீழே, "சமயம் அனுசரித்து" என்று போட்டு, நேரம் இருந்தால் என்று அர்த்தம்.

அவர் தன் பெயரைத் தடவித் தடவிப் பார்க்கிறார். நான் எங்கள் வரியைப் பார்த்தேன்.

செப்டம்பர் 5, திருவோணம்

இன்றுதான் நபி தினமும். ஜுமைலா வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது, கீழ்வீட்டுச் சேச்சி பாயசம் அனுப்பினாள். வயிறு நிறைய. உள்ளே மட்டும் பயம். நாளைக்கும் இழுக்காமல் திரும்பினால் அடுத்த வருஷம் பாக்கியலக்ஷ்மி வரமாட்டாள். மகா வரமாட்டாள். குழுவே இருக்காது, எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 6

பேனா பிடிக்க முடியவில்லை. நாளைக்கு.

செப்டம்பர் 7, ஞாயிறு

உள்ளங்கையில் மஞ்சள் பற்று. விரல் நுனியால் எழுதுகிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாது.

நேற்று மூன்று மணிக்குப் போனோம். செண்டை, மாவேலி ராஜா வேஷம், விளக்கு எல்லாம் ஆயிற்று. இந்தத் தடவை எங்கள் கெஞ்சலுக்கு மசிந்து, ஆண்கள் வடம்வலியை முந்தின நாளே முடித்திருந்தார்கள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த இடத்தை ஆசம்சை பிடித்துக்கொண்டது. ஒருவர் ஓணத்தின் வரலாறு சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார், மாவேலியை இன்னும் கொஞ்சம் உயரமாக்கி. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஜெசிந்தா குழு அந்தப் பக்கமும் நின்றோம், நடுவில் வடம் செத்த பாம்பு போலக் கிடந்தது.

எட்டாவதாக முக்கிய விருந்தாளி எழுந்தார். பெரிய மனிதர், நல்ல குரல். அவர் தன் பள்ளிக்காலத்திலிருந்து தொடங்கினார். அப்போது ஹரிஷங்கர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சேச்சி, சமயம் போயி. கழிஞ்ஞ வருஷம் போல குலை பங்கிட்டு எடுக்காமோ?"

போன வருஷம் போலவே பாதிக் குலையாம். எனக்கு வந்தது அழுகையா கோபமா, தெரியவில்லை. ஜெசிந்தா தூரத்திலிருந்தே புரிந்துகொண்டு தலையில் கைவைத்தாள். நான் இடுப்புத் துண்டை அவிழ்க்கப் போனேன். சத்தியமாக அவிழ்க்கப் போனேன்.

அப்போது பாக்கியலக்ஷ்மி முன்னால் நடந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து வடத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குலவை விட்டாள்.

அந்த மைதானத்தில் மைக்கைத் தாண்டி ஒரு சத்தம் போகும் என்று யார் நினைத்தார்கள்? நாங்கள் ஆறு பேரும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டோம். செண்டைக்காரர்கள் திரும்பினார்கள். விருந்தாளி பேச்சை நிறுத்தி, தனக்குத்தான் இந்த மரியாதை என்று மலர்ந்து, கைகூப்பினார். குலவை அடங்கியது. அவர் மைக்கைப் பிடித்து, "அப்போள்..." என்றார். மறுபடியும் குலவை. இந்தத் தடவை ஜெசிந்தாவும் அவள் கூட்டமும் சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள், எங்கள் கீழ்வீட்டுச் சேச்சி உட்பட. குரவைக்கு மேலே யார் பேசுவது? அவர் மறுபடி கும்பிட்டு, நிறைந்த முகத்தோடு உட்கார்ந்துவிட்டார். பாவம், நல்ல மனிதர். அவரை நாங்கள் அவமதிக்கவில்லை. சொல்லப்போனால் அங்கே அவருக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் இன்னும் ஓர் ஆள் பாக்கி. ஒன்பதாவது பெயரை வாசித்தார்கள்.

இவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மடித்து வைத்த பேச்சு. பத்து நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த பேச்சு. காலடியில் பொன்னாடைப் பை. மைக்கின் முன் நின்று என்னைப் பார்த்தார். இவருக்கு எதிராகக் குலவை விட என்னால் முடியாது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாக்கியலக்ஷ்மியும் என்னைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

இவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் ஓண வாழ்த்து. என் வாழ்த்துரை முடிஞ்சுது. செல்வி, வடத்தப் பிடி."

பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார். குதித்த வேகத்தில் ஒரு செருப்பு மேடையிலேயே நின்றுவிட்டது. பதினாறு வருஷம் காத்திருந்து ஏறிய மேடை. எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது, இப்போது எழுதும்போதும்தான்.

முதல் இழுப்பு தோற்றோம். ஹார்பர்க்காரிகள் சும்மா இல்லை, எங்களைத் தரையோடு அப்படியே வாரிக்கொண்டு போனார்கள். இரண்டாவதில் மகா கால் ஊன்றிக்கொண்டாள், ஜுமைலா உட்கார்ந்தாள், இழுத்துவிட்டோம். மூன்றாவது... எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூறல் விழுந்துவிட்டது. வடம் அந்தப் பக்கமும் வரவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. கோட்டோரமாக இவர் ஒற்றைச் செருப்போடு ஓடிக்கொண்டே ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. யார் எடுத்தது என்று தெரியவில்லை, மூச்சு இல்லாத மூச்சில் ஒரு குலவை. மூச்சு முடிகிற இடத்தில் இழுத்தோம்.

தேர் நகர்ந்தது.

முழுக் குலை! மகாவின் தோளில் ஏற்றினார்கள். ஜெசிந்தா வந்து என்னைக் கட்டிக்கொண்டு, இரண்டு வருஷக் கடன் தீர்ந்தது என்றாள், அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே. தோற்றவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று கேட்டேன். "இழுத்தாச்சில்லே?" என்றாள்.

அப்புறம்தான் முக்கிய விருந்தாளி பொன்னாடைப் பையைப் பார்த்திருக்கிறார். அவராகவே அதைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார், பின்னாலேயே மேடை முழுவதும். எங்களுக்கும் தோப்பும்படிக்காரிகளுக்கும் போர்த்தினார்கள். எனக்கும் ஜெசிந்தாவுக்கும் வரும்போது ஒன்றுதான் மிச்சம். இருவரையும் சேர்த்து நிற்கவைத்து அந்த ஒன்றைப் போர்த்தினார்.

இவருக்கு யாரும் எதுவும் போர்த்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் சேற்றுத் துண்டை உதறி இவர் தோளில் போட்டேன். கைகூப்பிக்கொண்டு ஏற்றுக்கொண்டார், போட்டோவுக்கு நிற்பது போல.

செப்டம்பர் 8

குலையில் முதல் பழத்தைத் தின்றேன். இன்னும் சரியாகப் பழுக்கவில்லை. இருந்தாலும் தின்றேன்.

செப்டம்பர் 14

ஆகஸ்டில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். விளையாட்டுக்கு முன்னால் இவ்வளவு எதற்கு என்று கேட்டிருக்கிறேன். பாதி சரி. அந்தப் பேச்செல்லாம் யாரையும் சேர்க்கவில்லை, உட்கார மட்டும் வைத்தது. ஆனால் முன்னால் ஒன்றுமே இல்லாமலும் நாங்கள் ஏழு பேர் ஏழு பேராகத்தான் இழுத்தோம். வேண்டியது ஒரு மூச்சு. மூச்சுக்கு மேல் போனால் அது சடங்கு இல்லை, சும்மா நேரம் கடத்துவது.

பாக்கியலக்ஷ்மியைக் கடைத்தெருவில் "குரவைச் சேச்சி" என்று கூப்பிடுகிறார்களாம். ஊளை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

புத்தாண்டுக்கு உதயம் கிளப்பில் மறுபடியும் வடம்வலி. ஹரிஷங்கர் நோட்டீஸ் கொண்டுவந்தார். முதல் வரி: குரவை. இரண்டாவது வரி: பெண்கள் வடம்வலி. அதன்பின் ஆண்கள், பரிசு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆசம்சை, செல்லப்பா பெயர் இப்போது முதலாவது. இவர் கண்ணாடி முன்னால் நிற்கத் தொடங்கிவிட்டார். நன்றாகப் பேசுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் இரண்டு குழுவும் புது வடத்தைப் பார்க்கப் போனோம். வழுவழுவென்று, நல்ல கனம். நடுவில் அடையாளத்துக்குக் கட்டுகிற சிவப்புத் துணியை வாங்க ஹரிஷங்கர் மறந்திருந்தார். ஜெசிந்தா தன் கூடைப்பையைத் துழாவி, எங்கள் இருவருக்கும் சேர்த்துப் போர்த்திய அந்தப் பொன்னாடையை, துவைத்து மடித்து வைத்திருந்ததை, எடுத்தாள். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள் பிடித்தாள். வடத்தின் நடுவில் வைத்து இறுக்கிக் கட்டினோம்.

இனி அது யார் பக்கம் வருகிறதோ, அவர்களுக்கு.